சி மோடை யாராவது போட்டிருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஈசிஆரில் கோவளம் தாண்டி நாங்கள் நிறுத்தும் டீக்கடை வாசலில் இருக்கிற வண்டிகளின் விலையைக் கூட்டினால் அந்தக் கடையையும் பக்கத்து நாலு கடைகளையும் வாங்கிவிடலாம். ஆனால் வடை நேற்றுச் சுட்டதா இன்று சுட்டதா என்று எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அப்படிப்பட்ட கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். சுசுகியின் பெரிய பைக்கான ஹயபுசா, அதில் இரண்டாம் தலைமுறை வைத்திருக்கிறார். 1340 சிசி, 200 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் கைப்பிடியில் ஏ, பி, சி என்று மூன்று மோடு, அதாவது எஞ்சின் சக்தியைத் தரும் விதத்தை, மாற்ற ஒரு ஸ்விட்ச் உண்டு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதைத் தடவிப் பார்த்து, "அண்ணே, சி மோடு எப்பண்ணே போடுவீங்க?" என்று கேட்டான்.

"பன்னெண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு தடவ போட்டிருக்கேன். வண்டி வாங்குன அன்னைக்கு, அது என்னன்னு பாக்க."

பிறகு வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "மோடு இங்க இருக்குடா தம்பி."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் நடுவில் இது வேதவாக்கு மாதிரி. சக்தி வேண்டாமென்றால் முறுக்காதே, அதற்கு எதற்கு ஒரு கம்ப்யூட்டர்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் வண்டி வாங்கிய முதல் வருடம் முழுக்க இதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வண்டியைப் பற்றி இவ்வளவு போதும்: தொள்ளாயிரம் சிசியும் சொச்சமும், நான்கு சிலிண்டர், நூற்றிருபதுக்கு மேல் குதிரைத்திறன். ஸ்போர்ட், ரோடு, ரெயின் என்று மூன்று மோடு, அதோடு நாமே அமைத்துக்கொள்ளும் நான்காவது ஒன்று. ரெயினில் போட்டால் எஞ்சின் கிட்டத்தட்ட பாதி சக்தியைத்தான் தரும். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விஷயம் வேறு பக்கம் போய்விடும், வேண்டாம்.

முதலில் இந்த மோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். கேபிள் காலத்தில் கணக்கு எளிது. கைப்பிடியைத் திருகினால் கேபிள் இழுக்கும், கேபிள் இழுத்தால் எஞ்சினுக்குக் காற்று விடும் பட்டர்ஃபிளை வால்வு திறக்கும். கை கால் பங்கு திரும்பினால் வால்வும் கால் பங்கு. நடுவில் புரோக்கர் கிடையாது.

2007 மாடல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000இல் சுசுகி ஏ, பி, சி மோடுகளைக் கொண்டுவந்தபோதுகூட கேபிள் போகவில்லை. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு வால்வு இருந்தது. ஒன்று நம் கையின் கேபிளோடு கட்டியது, இன்னொன்றை ஈசியு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர், ஒரு சின்ன மோட்டாரால் திறந்து மூடும். நாம் கதவைத் திறந்தாலும் உள்ளே இன்னொரு கதவு பாதி சாத்தியிருந்தால் எவ்வளவு காற்று போகும்? அந்த உள்கதவை எப்படி நடத்துவது என்பதுதான் மோடு. ஏ என்றால் முழுச் சக்தி. பி என்றால் ஆரம்பத்தில் சாது, மேலே போனால் அதே ராட்சசன். சி என்றால் மேலிருந்து கீழ் வரை அடக்கம். அண்ணனின் ஹயபுசாவிலும் இதே ஏற்பாடுதான்.

அப்புறம் கேபிளே போய்விட்டது. கைப்பிடியில் ஒரு சென்சார், அது எவ்வளவு திருகினோம் என்று ஈசியுவிடம் சொல்லும், ஈசியு யோசித்து வால்வைத் திறக்கும். ரைடு பை வயர். யமஹா 2006லேயே ஆர்6இல் இதைக் கொண்டுவந்துவிட்டது, கைப்பிடியிலிருந்து சென்சார் வரை மட்டும் கேபிள் இருந்தது. ஆனால் அதில் ஓட்டுகிறவர் மாற்றிக்கொள்ள மோடு எதுவும் இல்லை. அவர்களுடைய ஆர்1க்கு மோடு ஸ்விட்ச் வந்தது 2009இல். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கேடிஎம் டியூக் 390ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் கேபிள் போனது, மோடுகள் வந்தது 2023இல் வந்த அடுத்த தலைமுறையில். வயர் முதலில் வருகிறது, மோடு பின்னால் வருகிறது. புகை விதிகளுக்காகவும் துல்லியத்துக்காகவும் வயரைப் போட்டாகிவிட்டது என்றால், அதன்மேல் நாலு மோடு வைப்பதற்குப் பெரிதாக இரும்புச் செலவு ஒன்றும் இல்லை. மென்பொருள்தான். விளம்பரத் தாளில் ஒரு வரி கூடும். ஆக, "இது விற்பதற்கு வைத்தது" என்று அண்ணன் சொல்வதை நான் முழுசாக மறுக்கமாட்டேன்.

ஆனால் விற்பதற்கு வைத்த எல்லாமும் உதவாது என்று சொல்லிவிட முடியாதே. செல்போனில் டார்ச் லைட் யாரும் கேட்டா வைத்தார்கள்?

என் மனம் மாறியது வால்பாறையில். இரண்டு வருடம் முன்பு, ஜூலை மாதம். பின்னால் மனைவி. பொள்ளாச்சி வரை காய்ந்த ரோடு, ஆழியாறு அணை தாண்டி செக்போஸ்ட், குரங்கு அருவி, அதன்பிறகு மலை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு, அதை எண்ணிக்கொண்டே போவது பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேலை. ஒன்பதில் இறங்கி அணையைப் பார்த்துப் படம் எடுத்தோம். பதினைந்து தாண்டியதும் தூறல். அட்டகட்டி நெருங்கும்போது மழையும் பனிமூட்டமும் சேர்ந்து, முன்னால் போகும் ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

நான் ரோடு மோடில்தான் இருந்தேன். முழுச் சக்தி. மணிக்கட்டில்தானே மோடு இருக்கிறது!

ஒரு வளைவில், எதிரே அரசுப் பேருந்து இறங்கி வந்தது. அந்த ரோட்டில் பேருந்து திரும்பினால் முழு வளைவும் அதற்குத்தான் சொந்தம், அதில் தப்பு இல்லை, வேறு வழியும் இல்லை. நான் ஓரமாக ஒதுங்கி, கிட்டத்தட்ட நின்று, அது போனதும் இரண்டாவது கியரில் மெல்லக் கிளம்பினேன். வளைவின் உள்பக்கம் தார் பெயர்ந்து ஒரு பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. உடம்பு ஆடியது, உடம்போடு தோள், தோளோடு மணிக்கட்டு. எவ்வளவு திரும்பியிருக்கும்? ஒரு நூல், இரண்டு நூல். வண்டி விலுக்கென்று முன்னே பாய்ந்தது. பயந்து கையை விட்டேன், எஞ்சின் பிரேக் பிடித்த மாதிரி இழுத்தது. பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம். மனைவியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதிய சத்தம். பின்சக்கரம் ஈரத்தில் ஒரு சாண் நழுவியதையும் உணர்ந்தேன், சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலின் விளக்கு மினுக்கி அணைந்தது.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

தூங்கவில்லை. முழு விழிப்போடு, முழுக் கவனத்தோடு, தப்புச் செய்திருக்கிறேன். கை செய்தது, மூளை சொல்லவில்லை. அடுத்த அகலமான இடத்தில் ஒதுக்கி ரெயின் மோடு போட்டேன். மிச்சமிருந்த வளைவுகளில் அந்த டொக் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். (எனக்கு அந்த வியாதி உண்டு.) வண்டி, நாங்கள் இருவர், பை எல்லாம் சேர்த்து முன்னூற்றைம்பது கிலோ. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் ரோடு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? ஏற்றம், டயர் உருளும் தடை, காற்று எல்லாம் சேர்த்து ஐந்தாறு குதிரைத்திறன்தான் வருகிறது. நூற்றிருபது இருக்கிற வண்டி! மொபெட்டில் தேங்காய் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் சும்மா ஏறவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ரெயின் மோடு உச்ச சக்தியைப் பாதியாகக் குறைக்கிறது என்பதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த மலையில் அதனால் எனக்கு நயா பைசா பிரயோஜனம் இல்லை. நான் அறுபது குதிரைத்திறன் பக்கமே போகவில்லையே, பிறகு நூற்றிருபதை அறுபதாக்கினால் என்ன, ஆக்காவிட்டால் என்ன? பிரயோஜனம் இருந்தது வேறு இடத்தில்: கைப்பிடியின் முதல் கால் பங்கில். அங்கே கை ஒரு நூல் தவறினால் வண்டி எவ்வளவு தவறும் என்பதை மோடு மாற்றிவிட்டது. அதே ஒரு நூல், முன்பு பாய்ச்சல், இப்போது ஒரு சின்ன முனகல்.

பைக்காரர்கள் விவாதிக்கும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சக்தியைக் குறைப்பது ஒன்று. சக்தி வரும் வேகத்தைப் பதமாக்குவது இன்னொன்று. 2010இல் வந்த டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200 இதைப் பிரித்துக் காட்டியது. ஸ்போர்ட், டூரிங் இரண்டிலும் அதே 150 குதிரைத்திறன். ஆனால் டூரிங்கில் அது சாவகாசமாக வரும். அர்பன், எண்டூரோ இரண்டிலும் 100தான். இப்போதைய ஹயபுசாவில் பவர் மோடு 1, 2, 3 என்று தனியாக இருக்கிறது. அதிலும் 2 என்பது மெதுவாக ஏறும், ஆனால் கடைசியில் முழுச் சக்தியும் தரும். மூன்றில்தான் உச்சியை வெட்டுகிறார்கள். அண்ணன் கிண்டல் செய்வது இந்த வெட்டைத்தான். அதில் அவர் சொல்வது சரி, மணிக்கட்டு போதும். பதத்தை மட்டும் மணிக்கட்டால் எப்போதும் தர முடியாது. காலை ஏழு மணிக்குத் தரலாம். எட்டு மணி நேரம் ஓட்டி, க்ளவுஸ் நனைந்து, விரல் மரத்துப்போன பிறகு தர முடியுமா?

சென்னைக்குள்ளும் இதே கதை. மெட்ரோ வேலைக்காகப் பள்ளத்தை மூடிப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளை யோசித்துப் பாருங்கள். மழை பெய்த முதல் கால் மணி நேரத்தில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ஊறி மேலே வந்திருக்கும்போது, அந்தத் தகட்டின்மேல் பின்சக்கரம் இருக்க, இரண்டாவது கியரில் கை கொஞ்சம் தாராளமானால் போதும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் மணிக்கட்டுக்கு ஒரு பரீட்சை. வடபழனியிலிருந்து போரூர் வரை போவதற்குள் எத்தனை பரீட்சை எழுதுவது?

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ரெயின் என்று ஒரே ஸ்விட்சைத் தட்டினால் சக்தி, டிராக்ஷன் கண்ட்ரோல் எல்லாம் கூட்டாக மாறும். வழுக்கும்போது உண்மையில் பிடிப்பது டிராக்ஷன் கண்ட்ரோல்தான். மோடு செய்வது, அந்த நிலைமைக்குப் போகிற தடவைகளைக் குறைப்பது. "ரெயின் போட்டிருக்கேன், விழமாட்டேன்" என்று நம்பி ஈர ரோட்டில் சாய்த்துத் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மோடு மாறினால் டயர் மாறாது. பிரேக் பிடிக்கும் தூரமும் குறையாது.

சரி, மோடு தெய்வம் என்று சொல்லி முடித்துவிடலாமா என்றால், அதே பயணத்தில் திரும்பி வரும்போது என்னைச் சாகடிக்கப் பார்த்ததும் அந்த மோடுதான். மோடு என்ன செய்யும், என் மறதி.

பொள்ளாச்சி வந்து, மழை நின்று, பழனி ரோட்டில் வெயில். காலையில் கிளம்பும்போது போட்ட ரெயின் மோடு அப்படியே இருக்கிறது. டிஸ்ப்ளேயில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் அது எழுதியிருக்கிறது, வேகத்தைப் பார்க்கிற கண்ணுக்கு அது படவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி, ரோட்டைவிட அகலமாக. எதிரே தூரத்தில் ஒரு பேருந்து. இந்த இடைவெளி என் வண்டிக்குத் தாராளம் என்று உடம்புக்கே தெரியும், ஐந்து வருடப் பழக்கம். வெளியே எடுத்து முறுக்கினேன். வண்டி "யோசித்துச் சொல்கிறேன்" என்றது. இன்னும் முறுக்கினேன். போகிறது, ஆனால் என் கணக்கில் இருந்த வண்டி இது இல்லை. கியரைக் குறைத்து, லாரிக்காரர் நல்ல மனிதர், அவரும் கொஞ்சம் ஒதுங்கினார், உள்ளே வந்துவிட்டேன். பேருந்து ஓட்டுநர் அடித்த ஹாரன் பழனி முருகனுக்கே கேட்டிருக்கும்.

மணிக்கட்டுக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரே வண்டிக்கு ஒரே குணம் இருந்தால் நம் கை அதைக் கற்றுக்கொள்கிறது. நாலு குணம் கொடுத்தால் எந்த நேரத்தில் எந்த வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும். டீக்கடையில் இதைச் சொன்னபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை, டீயை ஊதிக் குடித்தார். அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

அதனால் இப்போது நான் இரண்டு மோடுகளோடு நிறுத்திக்கொண்டேன். ரோடு ஒன்று, ரெயின் ஒன்று. ஊருக்குள்ளும் மலையிலும் மழையிலும் ரெயின். ஹைவே ஏறும் முன் பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது ரோடு. ஓட்டிக்கொண்டே மாற்றுவது முடியும்தான், ஆக்சிலேட்டரை முழுசாக மூடிவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். ஆனால் நின்று மாற்றினால்தான் மனசில் பதிகிறது. ஸ்போர்ட் மோடை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. ரோடிலும் அதே சக்திதான் வருகிறது, ஸ்போர்ட்டில் கொஞ்சம் முன்கோபத்தோடு வருகிறது, அவ்வளவுதான். நான்காவது மோடில் நாமே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். அமைத்தேன், என்ன அமைத்தேன் என்று மறந்தேன், விட்டுவிட்டேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிற நண்பன் இதற்கு நேரெதிர். அவனுக்கு ஸ்போர்ட் மட்டும்தான், டிராக்ஷன் கண்ட்ரோலும் குறைந்தபட்சம். அங்கே 3.7 கிலோமீட்டர் சுற்றை நாள் முழுக்கச் சுற்றுகிறான், ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், எதிரே பேருந்து வராது, பள்ளம் வராது. எல்லாம் தெரிந்த இடத்தில் முன்கோபக்கார வண்டி சுகம்தான். அங்கேயும் டயர் தேய்ந்த பிற்பகலில் ஒருபடி சாந்தமான மோடுக்கு மாறுவேன் என்று ஒத்துக்கொண்டான், மெதுவான குரலில்.

உலகத்திலேயே நன்றாக மணிக்கட்டு வைத்திருக்கிறவர்கள் மோட்டோஜிபி பைக் பந்தய ரைடர்கள். அவர்கள் கைப்பிடியிலும் மேப் (அவர்கள் பாஷையில் மோடு) மாற்றும் பொத்தான் இருக்கிறது, பந்தயம் நடக்கும்போதே அமுக்குகிறார்கள். 2017இல் மலேசியாவின் செபாங்கில், கொட்டும் மழை பெய்த பந்தயத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த லொரென்சோவின் டிஸ்ப்ளேயில் "மேப்பிங் 8 பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரு செய்தி வந்தது. சாம்பியன் பட்டத்துக்குப் போராடும் சக வீரர் டோவிசியோசோவுக்கு வழி விடு என்பதற்கான ரகசியச் சொல் அது என்று உலகமே பேசியது. கடைசியில் டோவிசியோசோதான் ஜெயித்தார். மோடு பொத்தானுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கலாம் என்று வடிவமைத்தவர் நினைத்திருக்கமாட்டார்.

சின்ன வண்டிகளுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஓசூரில் செய்கிற அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு 2020லேயே ரெயின், அர்பன், ஸ்போர்ட், டிராக் என்று நாலு மோடு கொடுத்துவிட்டார்கள். அப்போது 34 குதிரைத்திறன், முதல் இரண்டில் 26க்குச் சற்றுக் குறைவு. என்னைக் கேட்டால், அந்தச் சக்தியில் மணிக்கட்டே போதும். அண்ணன் வாதம் அங்கே முழுசாகச் செல்லும். ஹிமாலயன் 450இல் ஈகோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு, அவற்றோடு பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) அணைக்கும் வசதி. ஜல்லி ரோட்டில் அந்தக் கடைசி வசதிதான் காசுக்குத் தகும்.

போன மாதம் மறுபடி வால்பாறை போனோம். இந்த முறை இறங்கும்போது மழையே இல்லை, ரோடு காய்ந்து பளிச்சென்று இருந்தது. மனைவி பின்னால் உட்கார்ந்து பலகைகளைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தேழு. காய்ந்த ரோடுதானே என்று டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ரோடு மோடுக்கு மாற்றியிருந்தேன், அவரிடம் சொல்லவில்லை. முப்பத்தைந்தில் ஒரு டொக். முப்பத்துமூன்றில் இன்னொரு டொக்.

"ஏங்க, அந்தப் பொத்தானை மாத்திட்டீங்களா?"

ஒதுக்கி நிறுத்தினேன்.

"மாத்திட்டு வாங்க, முப்பத்திரண்டு வருது."